எனக்குக் கேட்காத பாட்டு

தெருமுனையில் நின்றுகொண்டிருந்தோம். மேளம் வரவில்லை.

என் கையில் ஒரு தாம்பாளம். அதில் கோடி வேட்டி, துண்டு, ஊதுவத்தி, கற்பூரம். என் மனைவி அஞ்சலை கையில் ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை. வில்லியனூரில் வண்டியை நிறுத்தி வாங்கியது. பின்னால் டாடா ஏஸில் ஏறி வந்த எங்கள் ஊர்ப் பங்காளிகள். செத்துப்போனவர் என் சம்பந்தி கலியபெருமாள். என் மகள் கௌரியின் மாமனார். திருவாண்டார்கோயிலைத் தாண்டி உள்ளே போகிற ஊர்.

எங்கள் பக்கத்தில், செத்தவர் மேல் போர்த்தக் கோடி கொண்டுபோகிறவர்கள் நேராக சாவு வீட்டுக்குள் நுழைந்துவிட மாட்டார்கள். தெருமுனையில் நிற்பார்கள். சாவு வீட்டு மேளக்காரர்கள் அங்கே வந்து, அடித்துக்கொண்டே முன்னால் நடந்து அழைத்துப் போவார்கள். சம்பந்தி கோடி என்றால் வீட்டு ஆம்பளை ஒருத்தரும் கூட வருவார். மேளம் வராமல் உள்ளே போனால், நீ எங்களுக்கு யாரோ என்று அவர்கள் சொல்லிவிட்டதாக அர்த்தம்.

வெயில் ஏறியது. மாலையில் இருந்த ரோஜா இதழ் ஒவ்வொன்றாக அஞ்சலையின் காலில் உதிர்ந்தது.

அப்புறம்தான் அது நடந்தது. எங்களுக்குப் பின்னால் வேறு ஊர்க்காரர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். உடனே மேளம் வந்தது. எங்களைத் தாண்டிப் போய் அவர்களுக்கு எதிரில் நின்று அடித்தது. அடித்துக்கொண்டே எங்களை உரசியபடி அவர்களை அழைத்துப் போனது. மேளக்காரர்களில் ஒருத்தர் எனக்குத் தெரிந்தவர். கரும்பு வெட்டுக்கு என்னிடம் வந்தவர். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் கையையே பார்த்து அடித்துக்கொண்டு போனார்.

"இன்னாங்க இது? நமக்குப் பின்னால வந்தவங்கள இட்டுகினு போறாங்க?" என்றாள் அஞ்சலை.

"கும்பல்ல மறந்திருப்பாங்க."

"மறக்கறதுக்கு நாம இன்னா தூரத்து ஒறவா? பொண்ணு குடுத்த வூடுய்யா!"

மேளம் ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டுமானால் நான் செல்போன் வாங்கிய கதைக்குப் போக வேண்டும். கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன். எனக்கு நேராக நடக்க வராது என்பது வாராவாரம் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். போன வாரம் ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் எருமை வாங்கப் போய்விட்டேன்.

நடு பட்டன்

அப்போது நான் கரும்பு வெட்டு மேஸ்திரி. பாகூர் பக்கத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு மண்ணாடிப்பட்டு வரைக்கும் போவேன். ஆலையில் இருந்து கட்டிங் ஆர்டர் வந்ததும் கரும்புக்காரர் மொபெட்டை எடுத்துக்கொண்டு விடியாமல் என் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பார். நான் வேறு ஊரில் வெட்டிக்கொண்டிருப்பேன். அவர் அங்கே வருவார். அதற்குள் நான் இன்னொரு இடத்துக்குப் போயிருப்பேன். இப்படியே அவர்கள் என்னைத் தேடி பெட்ரோலைத் தீர்த்தார்கள்.

செல்போன் வந்ததும் அதெல்லாம் நின்றது. மிஸ்டு கால் பாஷை ஒன்று உண்டாக்கிக்கொண்டோம். ஒரு தடவை அடித்து நின்றால் நாளைக்கு வெட்டு. இரண்டு தடவை என்றால் லாரி வரவில்லை, ஆட்களை நிறுத்து. விடாமல் அடித்தால்தான் எடுப்பது. கூப்பிட்டவருக்கும் செலவில்லை, எனக்கும் இல்லை. போன் கம்பெனிக்காரன்தான் வயிறு எரிந்திருப்பான்.

பாகூர் பஸ் நிறுத்தம் பக்கத்தில் பாஸ்கர் என்று ஒரு பையன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தான். ரீசார்ஜைவிட அவனுக்குப் பாட்டு ஏற்றித் தருவதில்தான் வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆளாளுக்கு ஒரு மெமரி கார்டை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அரிசி மணியைப் பிடிப்பதுபோலப் பிடித்திருப்பார்கள். கீழே விழுந்தால் எல்லோரும் குனிந்து தேடுவார்கள்.

அந்தப் பாட்டெல்லாம் அவனுக்கு எங்கே இருந்து வந்தது? நெட்டில் இருந்துதான். ஆனால் கடைக்குள் நெட் பிடிக்காது. ஏரிக்கரை மதகு மேலேதான் பிடிக்கும். சாயங்காலமாகப் போய் மதகுக் கல்லின் மேல் போனை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பான். போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பாட்டு இறங்குவதற்குள் நாங்கள் ஒரு சால் கரும்பு வெட்டிவிடலாம். நடுவில் யாராவது அவனுக்குப் போன் போட்டால் பாட்டு பாதியில் அறுந்துபோகும்.

"எவன்டா அவன் இந்நேரம் பாத்துக் கூப்புடறது?" என்று அவன் மதகு மேலிருந்து போடுகிற சத்தத்தில் கொக்கெல்லாம் பறக்கும்.

அவனிடம்தான் நான் கலர் போன் வாங்கினேன். டார்ச் இருந்தது, ரேடியோ இருந்தது. பட்டன் வரிசையில் ஓரமாக, உருண்டையாக, கோடு கோடாக ஒரு படம் போட்ட பட்டன்.

"இன்னாடா இது, பூசணிக்கா?"

"அது நெட்டு, மேஸ்திரி. ஒலகமே அதுக்குள்ளதான் கீது. நீ அத்த தொடாத."

"தெரியாம தொட்டுட்டா?"

"எதுனா வந்து நிக்கும். நடு பட்டன ஒரு அமுக்கு அமுக்கு. போயிடும்."

அவன் எழுத்து தெரிந்தவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னான். நான் எழுத்து தெரிந்தவன்போலத் தலையை ஆட்டினேன்.

கரும்பு வெட்டுகிறவன் கட்டைவிரலைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பட்டனை அமுக்கினால் கூடவே இரண்டு பட்டன் சேர்ந்து அமுங்கும். பூசணிக்காயைத் தொடாமல் ஒரு நாள் போகாது. தொடாவிட்டாலும் அதுவாகவே ஏதாவது வந்து நிற்கும். ராசிபலன், கிரிக்கெட், சிரிப்பு, பாட்டு என்று என்னென்னவோ அனுப்புவார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது வெளிச்சமான ஒரு சதுரமும் அதில் எறும்பு ஊர்வதுபோல எழுத்தும்தான். நடு பட்டனை அமுக்குவேன். போய்விடும். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வரும். அதையும் அமுக்குவேன்.

அந்தப் போன்களில் தமிழே வராது. யாராவது தமிழில் அனுப்பினால் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். படித்தவர்கள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்னாபா இது, ஒன்னுமே புரியல" என்பார்கள். எனக்கு எல்லா எழுத்தும் எப்போதும் அப்படித்தான். அந்தக் கொஞ்ச காலம் எல்லோரும் எனக்குச் சமமாக இருந்தார்கள்.

கண்ணாடி மறந்த ஆள்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று இந்தத் தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வது சுலபம். இதைக்கூட நான் போனிடம் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. சரியாக எழுதுகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? பத்திரிகை ஆபீஸில் இருப்பவர்கள் என் பேச்சை எடுத்து, சீவிச் சிங்காரித்துப் போடுகிறார்கள்.

அப்போது அப்படி இல்லை. தெரியாது என்பதை மறைப்பதே ஒரு வேலையாக இருந்தது எனக்கு. யாராவது பத்திரிகையோ அழைப்பிதழோ நீட்டினால், "கண்ணாடி எடுத்தாரலப்பா, நீயே சொல்லு" என்பேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. டீக்கடையில் பேப்பரைக் கையில் வைத்திருப்பேன். படம் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும், பேப்பர் தலைகீழாகாது.

கௌரிக்குச் சம்பந்தம் பேச வந்தபோது கலியபெருமாள், "சம்பந்தி எது வரைக்கும் படிச்சாரு?" என்று கேட்டார். என் மச்சான் முந்திக்கொண்டு எட்டாவது என்று சொல்லிவிட்டான். நான் மறுக்கவில்லை. மாப்பிள்ளை சேகர் திருபுவனையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவர். கௌரி பன்னிரண்டாவது முடித்தவள். பெண்ணின் அப்பன் கைநாட்டு என்று அந்த வீட்டில் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். கௌரி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.  கட்டிக்கொண்டு போன பிறகும் அங்கே அவள் வாயைத் திறக்கவில்லை.

கலியபெருமாள் நல்ல மனுஷன். கொஞ்சம் முன்கோபி. நான் போனால் தன் தட்டில் இருக்கிற மீனில் நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைப்பார். பேப்பரை மடித்து என்னிடம் கொடுத்து, "இந்த அநியாயத்தப் பாத்தியா சம்பந்தி?" என்பார். நான் பார்த்துவிட்டு, "ஆமா, அநியாயம்தான்" என்பேன். எந்த அநியாயம் என்று எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை.

பேரனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். நல்ல நேரத்தை மாற்றி, வெள்ளெனவே வரச் சொல்லி எல்லோருக்கும் போனில், இங்கிலீஷ் எழுத்தில் மெசேஜ் போட்டிருக்கிறார்கள். எனக்கும் வந்திருக்கிறது. வெளிச்சமாக ஒரு சதுரம் வந்தது, நான் நடு பட்டனை அமுக்கினேன், போய்விட்டது. நாங்கள் பழைய நேரத்துக்குச் சீர்த்தட்டோடு போய்ச் சேர்ந்தபோது காது குத்தி, பையன் அழுது, தூங்கியும் போயிருந்தான். தாய்வீட்டுச் சீர் வராமலே முடிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

"மெசேஜ் போட்டமே, பாக்கலியா?" என்றார் கலியபெருமாள். முகம் சிவந்திருந்தது.

"பாத்தேன் சம்பந்தி. பஸ்ஸு கெடைக்கல."

"பாத்துட்டுதான் இவ்ளோ நேரம் கழிச்சி வர்றியா?"

 அன்றைக்குச் சாப்பாட்டில் அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. அதன் பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை. அடுத்த முறை நான் அவரைப் பார்த்தபோது அவர் கண் மூடியிருந்தது.

சேகரின் சைனா போன்

அன்று நான் வெட்டில் இருந்தேன். போனைப் பையில் போட்டு வேலமரத்தில் மாட்டியிருந்தேன். கரும்புக்குள் நிற்கிறவனுக்கு மரத்தில் அடிக்கிற போன் எங்கே கேட்கும்? கரும்புக்காரர் பைக்கில் வந்து வரப்பில் நின்று, "மேஸ்திரி, ஒன் சம்பந்தி காலைல போயிட்டாராம். போன் மேல போன் போட்டாங்களாம், நீ எடுக்கலியாம். எனக்குச் சொல்லி அனுப்புனாங்க" என்றார். டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

போனை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு அம்புக்குறி நின்றது. அது எனக்குத் தெரிந்த படம், எடுக்காமல் விட்ட அழைப்பு. திருப்பிப் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. சாவு வீடு, யார் எடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது மறுபடியும் தெருமுனைக்கு வருகிறேன்.

பங்காளிகள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். திரும்பிப் போய்விடலாம் என்றான் ஒருத்தன். உள்ளே என் பெண் இருக்கிறாள், திரும்பிப் போனால் அவள் அந்த வீட்டில் எப்படி இருப்பாள்? இந்தக் கோடி அவர் மேல் விழவில்லை என்றால் எனக்கும் அந்த வீட்டுக்கும் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும். நான் தாம்பாளத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மேளம் இல்லாமல் நடந்தேன். தெருவில் இரண்டு பக்கமும் நாற்காலியில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி, ஐஸ் பெட்டி, சாம்பிராணிப் புகை. கலியபெருமாளின் தம்பி ஏழுமலை பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

"எங்க வந்த?"

"கோடி போட வந்தோம்ங்க."

"கோடியா? பாட்டுக் கச்சேரி எதுனா வச்சிருக்கியான்னு கேக்கலாம்னு இருந்தேன்."

எனக்கு விளங்கவில்லை. அவர் சேகரின் கையிலிருந்த போனைப் பிடுங்கினார். சேகர் வைத்திருந்தது சைனா போன். காதில் வைத்துக் கேட்கிற இடம் கெட்டுப்போய், வெளி ஸ்பீக்கரில்தான் பேசுவார். அந்த ஸ்பீக்கர் ரேடியோ செட்டுபோலக் கத்தும். காலையில் உடம்பை நடுவீட்டில் கிடத்திவிட்டு, அழுதுகொண்டே எனக்குப் போன் போட்டிருக்கிறார். விட்டு விட்டுப் போட்டிருக்கிறார். அத்தனை தடவையும் அந்த வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

ஏழுமலை என் நம்பரை அமுக்கினார்.

என் சட்டைப் பையில் ட்ரிங் ட்ரிங் என்று மணி அடித்தது. சைனா போனிலிருந்து விசில் சத்தம் கிளம்பியது. அப்புறம் டண்டணக்கா என்று அடி. அப்புறம் ஒருத்தி, மூச்சு வாங்குகிற குரலில், மாமனை ஆட வா, ஆட வா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அந்தப் பாட்டுக்கும் என் பையில் அடிக்கிற மணிக்கும் சம்பந்தம் இருக்கிறது என்றே எனக்குப் படவில்லை. எங்கேயோ யாரோ பாட்டுப் போடுகிறார்கள், இழவு வீடு என்று தெரியாமல் போடுகிறார்களே என்றுதான் நினைத்தேன். மணியை நிறுத்துவதற்காகப் போனை எடுத்தேன். எடுத்ததும் பாட்டு நின்றுபோனது. பழக்கதோஷத்தில், "அலோ" என்றேன்.

என் "அலோ" சைனா போனில் இருந்து, பிணத்துக்குப் பக்கத்தில், பெரிய சத்தமாகக் கேட்டது.

நாற்காலி வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் முதுகில் இருக்கிறது.

"இதான்யா பாட்டு! அண்ணன் செத்துக் கெடக்குது, சேதி சொல்லக் கூப்ட்டா ஆட வான்னு பாட்டு வக்கிறியா? காதுகுத்துக்கு வேணும்னே நேரங்கழிச்சி வந்த. இப்ப சாவுக்குப் பாட்டு போடற."

"நான் வக்கலங்க. கம்பெனிக்காரன் வச்சிட்டான் போல."

"கம்பெனிக்காரன் ஒன்னக் கேக்காமலா வப்பான்? சேகரு சொல்றான், இந்தப் பாட்டு வேணுமான்னு எழுத்துல கேப்பானாம். படிச்சிப் பாத்து ஓகே குடுத்தாதான் வருமாம். நீ குடுத்தியா இல்லியா?"

குடுத்திருப்பேன். நடு பட்டனை எத்தனை முறை அமுக்கியிருக்கிறேன்.

"சொல்லுய்யா. இன்னா எழுதியிருந்துச்சின்னு படிக்காமயா அமுக்குன? எட்டாவது படிச்சவன்தான நீ?"

அங்கே நான் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. எழுத்து தெரியாது என்று சொன்னால் பாட்டுக்கும் பதில் ஆகிவிடும், காதுகுத்துக்கும் பதில் ஆகிவிடும். அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. பந்தலைப் பார்த்தேன். சேகரின் கம்பெனி ஆட்கள் மடிப்பு கலையாத சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். என் வெட்டு ஆட்களும் ஓரமாக நின்றார்கள். எனக்கு எழுத்து தெரியாது என்று அவர்களுக்கும் தெரியாது.

நான் வாயைத் திறக்கவில்லை. இழவு வீட்டைக் கேலி செய்தவன் என்று நினைத்தாலும் நினைக்கட்டும், கைநாட்டு என்று மட்டும் தெரிய வேண்டாம் என்று நின்றேன். பெற்ற பெண்ணின் வாழ்க்கை அந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரிந்தும் அப்படித்தான் நின்றேன்.

பெண்கள் கூட்டத்திலிருந்து கௌரி எழுந்து வந்தாள். தலை அவிழ்ந்திருந்தது. அழுது குரல் போயிருந்தது.

"சின்ன மாமா, எங்கப்பாவுக்கு எழுத்து தெரியாது."

"இன்னா?"

"எழுத்து தெரியாது. அ, ஆ கூடத் தெரியாது. எட்டாவதுன்னு பொய் சொல்லித்தான் என்னக் கட்டிக் குடுத்தாங்க. நானும் சொல்லல. காதுகுத்து மெசேஜையும் அவரு படிக்கல. இதையும் படிக்கல. எது வந்தாலும் அமுக்கிடுவாரு. பேசறதுன்னா என்னப் பேசு. அந்தத் துணிய வாங்கு."

 நான் தாம்பாளத்தில் இருந்த வேட்டியின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கரை.

உள்ளேயிருந்து சம்பந்தியம்மாளின் குரல் வந்தது. "ஏழும, வாங்குப்பா. எடுக்கற நேரம் ஆவுது."

ஏழுமலை பந்தல் காலிலிருந்து கையை எடுத்தார். நான் உள்ளே போய்க் கோடியை விரித்துக் கலியபெருமாள் மேல் போட்டேன். அவர் முகம் கோபமாக இல்லை. ஆனால் அவர் என்ன நினைத்துக்கொண்டு போனார் என்று எனக்குத் தெரியும். நான் மெசேஜைப் படித்துவிட்டு, வேண்டுமென்றே தாமதமாக வந்தேன் என்று நினைத்துக்கொண்டுதான் போனார். நடுத்துண்டு மீன் வைத்த மனுஷன். அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல எத்தனையோ வேளை இருந்தது.

நின்றுபோகாத பாட்டு

அந்தப் பாட்டு கூப்பிடுகிறவருக்குத்தான் கேட்கும், போனுக்குச் சொந்தக்காரனுக்குக் கேட்காது என்பதை பாஸ்கர்தான் எனக்கு விளக்கினான். என் வாயிலிருந்து வருகிற நாற்றம் ஊருக்கெல்லாம் தெரிந்து எனக்கு மட்டும் தெரியாமல் இருந்ததுபோல ஆகிவிட்டது.

கரும்புக்காரரிடம் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

"நீயே ஆசப்பட்டு வச்சிருக்கேன்னு நெனச்சேன் மேஸ்திரி. நல்லாத்தான இருந்துச்சி. நீ லேட்டா எடுத்தாக்கூட எனக்குக் கோவமே வராது."

கௌரியிடமும் கேட்டேன். அவளும் சேகர் போனிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் கேட்டிருக்கிறாள். "யாராவது வச்சுக் குடுத்திருப்பாங்க, நீயும் சந்தோசமா இருக்கேன்னு நெனச்சிப்பேன்பா" என்றாள். அந்த வீட்டில் அவளை ஓரகத்திகள், எட்டாவது மேஸ்திரி பொண்ணு என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அஞ்சலையிடம் சொல்லியிருக்கிறாள்.

பாட்டை எடுக்கச் சொல்லி பாஸ்கரிடம் போனேன். எவ்வளவோ பார்த்தான். ஒரு நம்பருக்கு மெசேஜ் அனுப்பினான். அவர்கள் ஒரு மெசேஜ் அனுப்பினார்கள். கம்பெனிக்குப் போன் போட்டான். ஒரு பொம்பளை இங்கிலீஷில் பேசினாள், அப்புறம் இந்தியில் பேசினாள், அப்புறம் அதை அமுக்கு இதை அமுக்கு என்றாள். அமுக்கினால் மியூசிக் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

"வைக்கறதுக்கு ஒரு பட்டன் போதும்டா. எடுக்கறதுக்கு ஏன்டா இவ்ளோ வழி?" என்று கேட்டேன்.

"அதான் மேஸ்திரி அவங்க பொழப்பே" என்றான் பாஸ்கர். "எடுக்கத் தெரியாதவங்கள வச்சிதான் கம்பெனி ஓடுது."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். உலகத்தையே உள்ளே வைத்து ஒரு பட்டன் செய்தவர்களுக்கு, அதை அமுக்கப்போகிறவன் படிக்கத் தெரியாதவனாக இருப்பான் என்று தோன்றாமலா இருந்திருக்கும்? தோன்றித்தான் இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அதற்காக என் வெட்கம் குறைந்துவிடவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றது கம்பெனிக்காரன் இல்லை, நான்தான்.

எடுக்கச் சொல்லிப் பதிவாகியிருக்கிறது, கொஞ்ச நாள் ஆகும் என்று பாஸ்கர் சொன்னான்.

அதற்கு நடுவில் ஒரு நாள் சாயங்காலம் போன் விடாமல் அடித்தது. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுப்பதற்கு நேரமாகிவிட்டது.

"மேஸ்திரி, ஏழுமல பேசறேன்."

 "சொல்லுங்க" என்றேன்.

"வர ஞாயித்துக்கெழம அண்ணனுக்குக் கருமாதி. காலைலயே. கொளத்தாண்ட வந்துடு. வூட்டுக்குப் போயி அலையாத, நேரா கொளத்துக்கு."

"சரிங்க."

அவர் வைக்கவில்லை. 

"எல்லாருக்கும் மெசேஜ் போட்டாச்சி. ஒனக்கு மட்டும்தான் போனு."

"சரிங்க."

"அந்தப் பாட்டு இன்னும் ஓடுது."

"எடுக்கச் சொல்லியிருக்கேன்ங்க. கொஞ்ச நாளு ஆவும்னு..."

"ஓடட்டும். ஒருவாட்டி முழுசா ஓடி நின்னுடுச்சி. மறுபடியும் போட்டேன். நீ எடுக்கற வரைக்கும் கேட்டுகினுதான் இருந்தேன்."

 மாட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மறுபடியும், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி, கிழமையைச் சொன்னார், நேரத்தைச் சொன்னார், குளத்தைச் சொன்னார்.

"புரிஞ்சிதா?" என்று கேட்டார்.

புரிந்தது என்றேன்.